சரி எது என்று தெரிந்தும்: செவிலியர்கள் சுமக்கும் அறத் துயரம்

வயிற்றில் கட்டி என்று ஒரு பெரியவர் சேர்க்கப்படுகிறார். பயாப்சி முடிவு வருகிறது. புற்றுநோய், அதுவும் கல்லீரல்வரை பரவிவிட்டது. மகன்கள் மருத்துவரைத் தனியே பார்த்து, “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்” என்று கேட்டுக்கொள்கிறார்கள். மருத்துவர் ஒப்புக்கொள்கிறார். வார்டில் இருப்பவர்களுக்கும் அதே உத்தரவு. மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார், மகன்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவு ஊசி போட வரும் செவிலியரின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் கேட்பார்: “சிஸ்டர், எனக்கு என்ன நோய் என்று நீங்களாவது சொல்லுங்கள். நிலத்தை எழுதிவைக்க வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது.”

நம் ஊர் வார்டுகளில் வேலை பார்த்த செவிலியர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. “டாக்டர் காலையில் வருவார், அவரிடம் கேளுங்கள் ஐயா” என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலைச் சொல்பவருக்கு உண்மை தெரியும். தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த மனிதருக்கு உரிமை இருக்கிறது என்பதும் தெரியும். நாள் குறைவு என்பதால் இந்த மறைப்பு அவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் மறுநாள் மெமோ வரும்.

இதைக் குழப்பம் என்று சொல்ல முடியாது. 1984 இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேமட்டன் செவிலியப் பணியின் அறச்சிக்கல்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைத்தான் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். எது சரி என்றே புரியாமல் நிற்பது ஒரு நிலை. இரண்டு வழிகளிலும் நியாயம் இருந்து, எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்க நேர்வது இன்னொரு நிலை. மூன்றாவது, செய்ய வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்திருந்தும், தான் வேலை செய்யும் நிறுவனத்தின் கட்டுகள் அதைச் செய்யவிடாமல் தடுப்பது. இந்த மூன்றாவதுதான் அறத் துயரம்.

செவிலியர்களின் மன உளைச்சலைப் பற்றி நம் ஊடகங்களில் பேச்சு வரும்போதெல்லாம் வேலைப்பளு, தூக்கமின்மை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அவையெல்லாம் உண்மை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஓடி ஓடி உழைத்துவிட்டு நிறைவோடு வீடு திரும்பும் செவிலியர்கள் உண்டு; அதிக வேலையில்லாத இரவை முடித்துவிட்டு நொறுங்கிப்போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. அறத் துயரத்தைச் செவிலியரின் மனப் பலவீனமாகப் பார்ப்பது தவறு என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. அது அந்த மருத்துவமனையைப் பற்றிய தகவல். எங்கே நோயாளிக்குத் தீங்கு நடக்கிறது என்பதை வேறு எந்த ஆய்வறிக்கைக்கும் முன்னதாகச் சொல்லிவிடும் தகவல். அதைக் கேட்க ஆளில்லாமல் போகும்போது என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றை விரிவாகப் பார்ப்பது பயன்படும்.

பண்டபெர்க், குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு வடக்கே கரும்பு விளையும் கடலோர நகரம். பெருநகரங்களை விட்டு அவ்வளவு தூரம் வந்து வேலை பார்க்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் கிடைப்பது கடினம். 2003 ஏப்ரலில் அங்குள்ள அரசு மருத்துவமனைக்கு ஜெயந்த் படேல் வந்தார். வெகுவிரைவில் அறுவை சிகிச்சைத் துறையின் தலைவரானார். குஜராத்தில் பிறந்து, அமெரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஆரிகன் மாநிலம் 2000 இல் அவர் சில வகை அறுவை சிகிச்சைகள் செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. நியூயார்க்கில் 2001 இல் மருத்துவ உரிமத்தை ஒப்படைத்திருந்தார். இவற்றைக் குயின்ஸ்லாந்து மருத்துவ வாரியம் சரிபார்க்கத் தவறியது.

அந்த மருத்துவமனையின் ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்புச் செவிலியர் டோனி ஹாஃப்மன். அது சிறிய ஐ.சி.யூ. ஒரு நோயாளியை ஒன்றிரண்டு நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிரிஸ்பேனுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே படேல் உணவுக்குழாயை அகற்றும் பெரிய அறுவை சிகிச்சைகளைச் செய்யத் தொடங்கினார். பெரிய மருத்துவமனையிலேயே யோசித்துச் செய்கிற சிகிச்சை அது. 2003 ஜூனிலேயே, அதாவது அவர் வந்த மூன்றாவது மாதத்திலேயே, ‘இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி எங்களிடம் இல்லை’ என்று ஹாஃப்மன் மேலிடத்தில் சொன்னார். பயன் எதுவும் இல்லை.

பிறகு நடந்ததை நம் செவிலியர்கள் படித்தால் இடம்தான் வேறு என்று தோன்றும். தையல் பிரிந்துபோகும் காயங்கள் அதிகமாயின. வேறு மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியவர்களை மாற்றாமல் வைத்துக்கொள்வது தொடர்ந்தது. சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: வயிற்றுவழி டயாலிசிஸுக்காகப் படேல் குழாய் பொருத்திய ஆறு பேர், ஆறு பேருக்கும் சிக்கல். இதையும் மேலே கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் செவிலியர்கள் நோயாளிகளை அவருடைய கண்ணில் படாமல் மறைத்துவைக்கத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் விசாரணையில் தெரியவந்தது. ஓர் அரசு மருத்துவமனையில் நோயாளியை அறுவை மருத்துவரிடமிருந்து ஒளித்துவைப்பதுதான் செவிலியருக்கு எஞ்சியிருந்த ஒரே வழி என்றால், மற்ற வழிகளெல்லாம் எவ்வளவு இறுக மூடப்பட்டிருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் மூடப்பட்டிருந்தன? காரணம் பணம். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை இலக்கை எட்டினால் மருத்துவமனைக்குக் கூடுதல் நிதி வரும். படேல் வேகமாக வேலை செய்பவர். காத்திருப்போர் பட்டியல் குறைந்தது. நிர்வாகத்தின் கணக்கில் அவர் ஒரு வரவு. அந்தக் கணக்கில் ஹாஃப்மனின் புகாருக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. ஆகவே அது இரண்டு பேருக்கு இடையிலான குணப் பொருத்தமின்மையாகப் பார்க்கப்பட்டது. ‘உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை’ என்ற ஒரு வாக்கியம் போதும், நோயாளியின் உயிர் பற்றிய புகார் இரண்டு ஊழியர்களின் சண்டையாகச் சுருங்கிவிடும். இந்த உத்திக்கு நாடும் மொழியும் கிடையாது.

2004 அக்டோபரில் ஹாஃப்மன் எழுத்துமூலமாக விரிவான புகார் கொடுத்தார். மாதங்கள் கழிந்தும் படேல் அறுவை சிகிச்சை செய்துகொண்டுதான் இருந்தார். 2005 மார்ச்சில் ஹாஃப்மன் தன் வேலையையும் பெயரையும் பணயம் வைத்து, அந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ராப் மெசஞ்சரிடம் போனார். அவர் அதைச் சட்டமன்றத்தில் எழுப்பினார். உடனே வந்தது விசாரணை அல்ல. அரசு ஊழியர் வெளியே பேசலாமா என்ற கோபம்தான் முதலில் வந்தது. பிறகு ஹெட்லி தாமஸ் என்ற பத்திரிகையாளர் கூகுளில் படேலின் பெயரைத் தேடினார். அமெரிக்கக் கட்டுப்பாடுகள் எல்லாம் அங்கே பொதுவெளியில் கிடந்தன. அதற்குள் படேல் நாட்டைவிட்டுப் போயிருந்தார். விமான டிக்கெட் அரசு செலவில்.

அரசு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு 2005 இறுதியில் அறிக்கை வந்தது. படேலின் சிகிச்சைத் தரக்குறைவுக்கு 13 மரணங்களில் பங்கு இருந்ததாக ஆணையத்துக்கு உதவிய மூத்த அறுவை நிபுணர் கண்டறிந்தார். குற்றவியல் வழக்கு வேறு பாதையில் போனது. 2010 இல் கிடைத்த ஏழாண்டுத் தண்டனையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012 இல் ரத்து செய்தது. மறுவிசாரணையில் ஒரு வழக்கில் அவர் விடுதலையானார். கடைசியில் மோசடிக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். தனிமனிதரின் குற்றத்தை நீதிமன்றம் எப்படி அளந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு இங்கே முக்கியம், 2003 ஜூன் முதல் 2005 மார்ச் வரையிலான காலம். அத்தனை மாதங்கள் ஒரு ஐ.சி.யூ.வின் செவிலியர்கள் விஷயம் தெரிந்தவர்களாகவே ஒவ்வொரு நாளும் டூட்டிக்கு வந்து, அடுத்த நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குத் தயார் செய்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஹாஃப்மனுக்குப் பிறகு தேசிய விருதுகள் கிடைத்தன. நியாயம்தான். ஆனால் விருது என்பது எத்தனை பேர் பேசாமல் இருந்தார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி. பேசுவதற்கு இவ்வளவு துணிச்சல் தேவைப்படாத மருத்துவமனையை அமைப்பதுதான் அரசின் வேலை.

இந்தத் துயரம் குறிப்பாகச் செவிலியர்களை ஏன் தேடி வருகிறது? மருத்துவர்களுக்கும் இது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முடிவை எடுப்பவர் ஒருவர், அந்த முடிவைத் தன் கையால் நோயாளியின் உடலில் நிறைவேற்றுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டில் இரண்டாம் இடம் செவிலியருடையது. மருந்தை எழுதியவர் அதன் விளைவைப் பார்க்கத் திரும்பி வருவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். அந்த மணிகள் முழுவதும் பக்கத்தில் நிற்பவர் செவிலியர். முனகலைக் கேட்பவரும், கழிவுகளைச் சுத்தம் செய்பவரும், உறவினர்களின் வசவை வாங்குபவரும் அவரே. மிக அதிகமாகப் பார்க்கிறவருக்கு மிகக் குறைவான அதிகாரம்.

தமிழ்நாட்டின் ஓர் ஆண்கள் மருத்துவ வார்டை எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பது படுக்கைகள், கூட்டம் அதிகமான நாளில் தரையில் பாய் விரித்தும் நோயாளிகள். இரவு டூட்டியில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு பேர். நாற்பது பேருக்கும் இரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை, சுவாசம் பார்க்க ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். ஆன்டிபயாடிக் ஊசியைக் கரைத்து, ஐ.வி. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவசரப்படாமல் செலுத்த ஐந்து நிமிடம் என்றால் இருபது பேருக்கு நூறு நிமிடம். பக்கவாதம் வந்து அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். அதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. நடுவில் மூச்சுத்திணறலோடு ஒரு புது அட்மிஷன் வந்தால் மற்ற எல்லாமே நின்றுவிடும்.

காலை ஆறு மணிக்கு கேஸ் ஷீட் நிரம்பியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணி இரத்த அழுத்தம், நான்கு மணி இரத்த அழுத்தம், புரட்டிப் படுக்கவைத்த நேரம் எல்லாமே கட்டங்களில் இருக்க வேண்டும். எழுதப்படாதது செய்யப்படாததற்குச் சமம் என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். செய்ய முடியாமல் போனதைச் செய்ததாக எழுதுவதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐந்தரை மணிக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு, 120/80, 130/80 என்று நம்பும்படியான எண்களால் கட்டங்களை நிரப்பும் செவிலியரை மோசக்காரர் என்று சொல்வது எளிது. அவர் அந்த எண்களை எழுதும்போது தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது யாருக்கும் தேவைப்படுவதில்லை. காலி கட்டத்துக்கு மெமோ உண்டு. பொய் எண்ணுக்கு மெமோ இல்லை. எதை நிரப்பச் சொல்கிறது இந்த ஏற்பாடு என்பது தெளிவு.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் இதே வியாதி வேறு உருவத்தில் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அரசு விதித்த இலக்கு. நேரம் தாண்டியவர்களின் பதிவுகளைத் திருத்தி எழுதும்படி மூத்த செவிலியர்கள் நிர்ப்பந்தித்ததாக ஹெலீன் டானலி என்ற செவிலியர் புகார் கொடுத்தார். புகாருக்குப் பிறகு சக ஊழியர்களின் மிரட்டலால், டூட்டி முடிந்து இருட்டில் தனியாகக் காருக்கு நடந்துபோகவே பயந்ததாகப் பொது விசாரணையில் அவர் சொன்னார். செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்த மருத்துவமனை அது. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான அந்த விசாரணை 2013 இல் 290 பரிந்துரைகளோடு முடிந்தது. பதிவேட்டில் எல்லா இலக்குகளும் நிறைவேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், வார்டில் நோயாளிகள் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தார்கள்.

எத்தனை பேருக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியாவில் எழுதி வைக்கப்படாத விஷயமல்ல. பயிற்சி மருத்துவமனைகளின் வார்டுகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் பணியிடம் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் சொல்கிறது. மீறினால் தண்டனை இல்லாததால் அது ஒரு விருப்பமாகவே தங்கிவிட்டது. எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்து 2014 இல் வெளியான ஆய்விலும் அதே 7 சதவீதம் வந்தது. நாற்பது பேர் நடுவில் நிற்கும் செவிலியருக்கு இந்த ஆய்வைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. எந்தப் படுக்கையைத் தான் கவனிக்காமல் விட்டோம் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு ஏன் பேசுவதில்லை என்று கேட்கலாம். வேலை எந்த விதத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 2015 இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு ஆண்டுகளில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு. அது நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000, 18,000 என்று படிப்படியாக உயர்ந்தது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. தொற்று வார்டில் பிபிஇ உடைக்குள் வியர்த்து நின்றவர்கள் புத்தாண்டில் வேலையில்லாமல் தெருவுக்கு வந்தார்கள்.

தனியார் மருத்துவமனைகளின் நிலைமை பல இடங்களில் இதைவிட மோசம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடியும்முன் போனால் பணம் கட்டு என்பது நெடுநாள் பழக்கம். கேரளத்தில் 2011–12 இல் செவிலியர்கள் வரிசையாக வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அதில் பாதிகூட வாங்காத செவிலியர்கள் சிறு நகரங்களில் இன்றும் வேலை பார்க்கிறார்கள். கல்விக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணிடம், ‘தவறு நடந்தால் புகார் கொடு, அதுதான் அறம்’ என்று வகுப்பெடுப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. பணிப் பாதுகாப்பு என்பது சம்பளப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளிக்காக வாய் திறக்கும் உரிமையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஐ.சி.யூ.க்களில் நடப்பதை இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும். மீள வழியில்லை என்பது மருத்துவக் குழுவுக்குத் தெரிந்துவிட்ட நோயாளி வென்டிலேட்டரில் கிடக்கிறார். நாள்தோறும் இரத்தம் எடுக்கிறார்கள், குழாய்வழி சளியை உறிஞ்சுகிறார்கள், ஒவ்வொன்றும் அவர் உடலுக்கு வலி. அதைச் செய்வது செவிலியரின் கை. குடும்பம் நகையை அடகுவைத்துப் பில் கட்டுகிறது. பணம் தீர்ந்த நாளில், ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம்’ என்று கையெழுத்து வாங்கப்படுகிறது. ஆம்புலன்ஸில், கையால் அழுத்தி மூச்சுக்காற்று செலுத்தும் ‘ஆம்பு’ பையை அழுத்திக்கொண்டே கூடப் போகிறார் ஒரு செவிலியர். வீட்டு வாசலில், உறவினர்கள் கூடி நிற்க, குழாயை எடுக்கவேண்டியவரும் அவரே. வலிக்கு மருந்து, மூச்சுத்திணறலுக்கு மருந்து, பக்கத்தில் ஒரு மருத்துவர் என்று மரியாதையோடு நடக்க வேண்டிய ஒரு மரணம் இப்படி நடக்கிறது. கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கும்.

இதற்கு ஒழுங்கான வழி இந்தியச் சட்டத்தில் இன்று இருக்கிறது. மீள முடியாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்வதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. நடைமுறைகளை 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் துறை நிபுணர்கள் இருவரும் கொண்ட முதல்நிலைக் குழு, அதை உறுதிசெய்ய மூன்று மருத்துவர்களைக் கொண்ட இரண்டாம்நிலைக் குழு. இரண்டு குழுக்களிலும் செவிலியருக்கு இடமில்லை. இரவும் பகலும் அந்த உடலின் அருகே நின்றவர், குடும்பத்தார் நடைபாதையில் தமக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டவர், நினைவிருந்தபோது நோயாளி என்ன சொன்னார் என்று தெரிந்தவர் அவர். முடிவை நிறைவேற்றும்போது மட்டும் அவர் தேவைப்படுகிறார்.

இப்படி ஒவ்வொரு நிகழ்வும் முடிந்தபின் மனம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர்கள் எலிசபெத் எப்ஸ்டீனும் ஆன் ஹாம்ரிக்கும் 2009 இல் எழுதியது வேறு. நிகழ்வு முடிந்தபின்னும் ஒரு கசடு தங்குகிறது. அடுத்த நிகழ்வு அந்தக் கசட்டின் மேல் தொடங்குகிறது. ஆகவே பத்தாவது முறை வரும் சிறிய விஷயம்கூட முதல் முறை வந்த பெரிய விஷயத்தைவிட அதிகமாக வலிக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள வார்டு இன்சார்ஜ் ஒருவர் ஏதோ ஒரு சாதாரணச் சம்பவத்துக்கு உடைந்து அழுவதைப் பார்த்து, ‘இதற்குப் போயா?’ என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

தாங்க முடியாதவர்கள் சிலர் வேலையை விட்டுவிடுகிறார்கள். வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறவர்களை இழுப்பதில் சம்பளத்தோடு இதுவும் சேர்ந்தே இருக்கிறது. இருப்பவர்களில் சிலர் மரத்துப்போகிறார்கள். அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் எரிந்து விழுகிறார்கள் என்ற புகார் எல்லோரும் அறிந்தது. பிரசவ அறையில் வலியால் துடிக்கும் பெண்ணை ஏசுவதை எந்தக் காரணமும் நியாயமாக்காது. அதை அனுபவித்த பெண்களின் காயம் பெரியது. ஆனால் அந்தக் கடுமை பலரிடம் பிறவிக் குணமல்ல. கேட்டால் செய்ய முடியாது என்பதால் கேட்காமலிருக்கப் பழகிய காது அது. முதல் ஆண்டில் எல்லா அழைப்புக்கும் ஓடியவரை ஐந்தாம் ஆண்டில் திரும்பிப் பார்க்காதவராக ஆக்கிய அந்த இடைக்காலத்தில் நடந்ததை நாம் ஆராய்வதே இல்லை.

தீர்வு என்று மருத்துவமனைகள் வழக்கமாகக் கொண்டுவருவது யோகா வகுப்பு, மன உறுதிப் பயிற்சி, மே 12 அன்று செவிலியர் தினத்துக்கு மெழுகுவத்தியும் கேக்கும். யோகா நல்லது. ஆனால் ஒரு செவிலியரின் மனசாட்சி சரியாக வேலை செய்வதால் வரும் வலிக்கு மனசாட்சியை அமைதிப்படுத்துவது மருந்தாகாது. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் பாராசிட்டமால் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும் மருத்துவரை நாம் என்ன சொல்வோம்?

பயனுள்ள சில ஏற்பாடுகள் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில், அறத் துயரத்தில் இருக்கும் எந்த ஊழியரும் அழைக்கலாம் என்று ஓர் ஆலோசனைச் சேவை நடக்கிறது. வருகிற குழு ஊழியருக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்பதில்லை. அந்தத் துயரத்துக்குக் காரணம் நோயாளி சார்ந்ததா, பிரிவு சார்ந்ததா, மொத்த நிர்வாகம் சார்ந்ததா என்று பிரித்துப் பார்த்து, அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் இதைத் தொடங்கப் பெரிய செலவு ஆகாது. வென்டிலேட்டர் விலக்கும் குழுக்களில் அந்த நோயாளியைப் பார்த்த செவிலியரைப் பேச அழைப்பதற்கும் செலவில்லை. கேஸ் ஷீட்டில் ‘ஆள் பற்றாக்குறையால் செய்ய இயலவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் வைத்து, அப்படி எழுதியவர்மேல் நடவடிக்கை கிடையாது, அந்த எண்ணிக்கை மாதந்தோறும் கண்காணிப்பாளரைத் தாண்டி இயக்குநரகத்துக்குப் போகும் என்று ஓர் ஆணை போட்டால், பொய் எண்கள் எழுத வேண்டிய தேவை பெருமளவு குறையும். அந்த மாத அறிக்கையைப் பார்க்க எந்த அரசும் விரும்பாது என்பது எனக்குத் தெரியும். பார்க்க வேண்டியது அதுதான்.

ஆனால் எண்ணிக்கையைச் சரிசெய்யாமல் இவை எதுவும் நிலைக்காது. அதற்கு வழிகாட்டுவதும் அதே குயின்ஸ்லாந்துதான். பண்டபெர்க் விவகாரம் வெடித்துப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலை முதல், அங்கே 27 அரசு மருத்துவமனைகளின் வார்டுகளில் பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்பது சட்டமானது. சட்டம் வந்த மருத்துவமனைகளையும் வராத 28 மருத்துவமனைகளையும் ஒப்பிட்டு 2021 இல் ஓர் ஆய்வு வெளியானது. 145 மரணங்களும் நோயாளிகள் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்ந்திருக்கக்கூடிய 255 மறுசேர்க்கைகளும் தவிர்க்கப்பட்டதாக அது மதிப்பிட்டது. கூடுதல் செவிலியர்களுக்கான செலவு சுமார் 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதாலும் மறுசேர்க்கைகள் குறைந்ததாலும் மிச்சமானது சுமார் 6.9 கோடி டாலர். தொகுப்பூதியச் செவிலியர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடும்போதெல்லாம் தமிழ்நாட்டில் நிதிநிலைதான் பதிலாகச் சொல்லப்படுகிறது. செவிலியர் இல்லாததால் கூடுதலாகப் படுக்கையில் கிடந்த நாட்கள், மறுபடி சேர்க்கப்பட்ட நோயாளிகள், தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் எவ்வளவு என்று இங்குள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒருமுறை கணக்கெடுத்து, அந்தக் கணக்கையும் அதே நிதிநிலை அறிக்கையின் பக்கத்தில் வைத்துச் சட்டமன்றத்தில் பேசட்டும்.